சீல்காரரும் பன்னிரண்டு கட்டமும்

சீல்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கண்ணாடிக் கதவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷன் மேஜையில் உட்காருகிறவர். ஒருநாள் அந்த அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போக, கொண்டுபோய்க் கொடுத்த சீல்காரர் திரும்பி வரமுடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டார்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் கதவைத் தள்ள வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் இழுக்க வேண்டும். வெளிப்பக்கம் ‘தள்ளவும்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் அது இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும். மனிதர்களால் அதைப் படிக்க முடியாது. சீல்காரர் கடகடவென்று படித்தார். படித்ததும் தள்ளினார். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஊசி போட்டு வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த நாலு நோயாளிகள் பாதி வாயால் சிரித்தார்கள்.

“என்னங்க, இழுங்க!” என்றார் மனைவி.

“தள்ளுன்னு போட்டிருக்கே?”

“அது வெளியில இருக்கறவங்களுக்கு!”

“அப்போ வெளியில இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி எழுதணும்,” என்று சொல்லிவிட்டு, ஏதோ கதவுதான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுபோல இழுத்துத் திறந்து போனார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தோரு வருடமாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். ரப்பரில் எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருக்கும். மையைத் தொட்டுத் தாளில் அடித்தால் நேராக விழும். பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. எதை நேராகப் படித்தோம், எதைத் திருப்பிப் படித்தோம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஜெராக்ஸ் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் நாலடி அகலத்தில் அவர் கடை. பிளேடு, பசை, மரக் கைப்பிடிகள், ‘அவசரம்’, ‘நகல்’, ‘பெறப்பட்டது’ என்று வரிசையாக மாதிரி ஸ்டாம்புகள். செய்து முடித்த ஸ்டாம்பைத் தாளில் அடித்துப் பார்க்கவே மாட்டார். ரப்பரைக் கண்ணருகே கொண்டுபோய் ஒருமுறை படிப்பார், துடைப்பார், கொடுத்துவிடுவார். “அடிச்சுப் பாக்கறவன் கத்துக்குட்டி” என்பது அவர் கொள்கை. பின்னால் அவருக்கு வேட்டு வைத்ததும் அதே கொள்கைதான்.

வேட்டு ஒரு ஜோசியர் உருவத்தில் வந்தது. மாடியில் அறை எடுத்திருந்த அந்த மனிதர், தினமும் ஸ்கேல் வைத்து ஜாதகக் கட்டம் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது என்று, பன்னிரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்டாம்பாகக் கேட்டார். சதுரத்தின் நாலு ஓரமும் கட்டங்கள், நடுவில் வெற்றிடம், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் மேஷம், ரிஷபம் என்று ராசியின் பெயர் பொடி எழுத்தில். முதலில் எடுத்த ரப்பரில் ஒரு மூலை குமிழ் விட்டுக் கெட்டுப்போனது. சீல்காரர் இரண்டாவதைச் சூடாக்கி அழுத்தும் மெஷினில் வைத்துவிட்டு, அது வெந்து ஆறுகிற நேரத்தில் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார்.

“இதைப் பாத்து எப்படிங்க எல்லாத்தையும் சொல்றீங்க?”

“பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல,” என்றார் ஜோசியர். இப்படிச் சொல்லக்கூடாத ஆளிடம் சொன்னார். “ஜாதகத்துல ஒரு கட்டத்துல ‘ல’ன்னு போட்டிருக்கும். அதுதான் லக்னம். அதை ஒண்ணுன்னு வெச்சு எண்ணிக்கிட்டே போகணும். ரெண்டு பேச்சு. மூணு தம்பி, தங்கச்சி. நாலு வீடு, வண்டி. ஏழு கல்யாணம். எட்டு ஆயுசு. பத்து தொழில். பதினொண்ணு அண்ணன், அக்கா. பன்னண்டு தூக்கம். எந்த இடத்துல எந்தக் கிரகம் இருக்குன்னு பாருங்க. குரு, சுக்கிரன், புதன் நல்லவங்க. சனி, செவ்வாய் கொஞ்சம் முரடு. மீதியெல்லாம் அனுபவம்.”

சீல்காரர் இதை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். ஜோசியர் எல்லாம் சொன்னார், எந்தப் பக்கமாக எண்ண வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடிகார முள் எந்தப் பக்கம் சுற்றும் என்று யாராவது பாடம் நடத்துவார்களா? வலப்பக்கமாக, முள் சுற்றுகிற மாதிரிதான் எண்ண வேண்டும். சீல்காரர் கையில் இருந்ததோ அந்தக் கெட்டுப்போன ரப்பர். அதில் மேஷத்துக்கு இடப்பக்கம் ரிஷபம், அதற்கும் இடப்பக்கம் மிதுனம் என்று எல்லாம் தலைகீழ் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. ஓ, இப்படிப் போகணுமா என்று இடப்பக்கமாகவே எண்ணப் பழகிவிட்டார்.

முதலில் மாட்டியவர் பக்கத்து ஜெராக்ஸ்காரர். பகலெல்லாம் மெஷினில் சாய்ந்து தூங்குகிற ஆத்மா. அவர் ஜாதகத்தை வாங்கி விரலை வைத்து எண்ணிய சீல்காரர், “ஏழாம் இடத்துல குரு. உங்க வீட்டம்மா உங்களை விடப் படிச்சவங்களா இருக்கணுமே?” என்றார்.

ஜெராக்ஸ்காரர் முழித்துக்கொண்டார். “ரெண்டு டிகிரி! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தால், உன்னை ஒன்று என்று வைத்து இடப்பக்கம் எண்ணினாலும் வலப்பக்கம் எண்ணினாலும் ஏழாவது ஆள் உனக்கு நேர் எதிரில் இருக்கிறவர்தான். கல்யாண இடம் மட்டும் எப்படி எண்ணினாலும் தப்பாது. ஆகவே கணவன் மனைவி பற்றிச் சீல்காரர் சொன்னதெல்லாம் புட்டுப் புட்டு வைத்ததுபோல இருந்தது. மற்ற இடமெல்லாம் கந்தரகோளம்.

“உங்களுக்கு ரெண்டாம் இடத்துலயும் ரெண்டு நல்ல கிரகம். பேச்சு ஸ்தானம். நீங்க மேடையில பேசப் பொறந்தவரு,” என்றார் அடுத்து.

பாவம், ஜெராக்ஸ்காரர் நம்பினார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று தாமாகவே பெயர் கொடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மேடை ஏறி உட்கார்ந்தார். மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நாலாவது தடவை அவர் குறட்டை மைக்கில் கேட்டது.

சாவி போடுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம், “தம்பியால உங்களுக்குப் பெரிய உதவி வரும்” என்றார் சீல்காரர். “எனக்குத் தம்பி கிடையாதே, ஒரே ஒரு அக்காதான். கடை வெச்சுக் குடுத்ததே அவங்கதான்” என்றார் சாவிக்காரர். சீல்காரர் அசரவில்லை. “தம்பி மாதிரி யாராவது வருவாங்க, பாத்துக்கிட்டே இருங்க” என்றார். அந்த மனிதர் அன்றிலிருந்து, தன்னை விட வயதில் சிறியவர் யார் கடைக்கு வந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரை என்ன செய்ய முடியும்? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். கல்யாண இடத்தின் புண்ணியத்தில் சீல்காரரின் ஜோசியம் நாலு மாதம் ஓடியது.

அவர் மனைவிக்கு வருவோம். தெருவில் அவரைச் சீல்காரம்மா என்பார்கள். அவருக்கும் சீலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா பதினோரு வருடமாகப் பல் டாக்டரிடம் வேலை பார்த்தார். டாக்டர் பல்லைப் பிடுங்குவதில் கெட்டிக்காரர், மனிதர்களைப் பிடுங்குவதில் அதைவிடக் கெட்டிக்காரர். நோயாளி தாமதமாக வந்தாலும் சீல்காரம்மாவுக்குத் திட்டு, வராவிட்டாலும் திட்டு, வந்து கத்தினாலும் திட்டு. தினமும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னிக்கு அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா” என்று ஆரம்பிப்பார். சீல்காரர் “ம்” என்பார். அந்த ‘ம்’ பதினோரு வருடமாக ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தால் வாய் வலியாவது மிச்சமாகியிருக்கும்.

இந்த நேரத்தில் ஊருக்கு வெளியே ஒரு செடிப் பண்ணையில் அலுவலக வேலைக்கு ஆள் கேட்டார்கள். சீல்காரம்மா போய்ப் பார்த்தார். பண்ணைக்கார அம்மாவுக்கு இவரைப் பிடித்துப்போனது. இவருக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. செடிகள் வாயைத் திறந்து காட்டாது என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. ஒரே சங்கடம், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. “மாசக் கடைசிக்குள்ள வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான்” என்றார் அந்த அம்மா. தங்கை வெளியூர் போகும்போது விட்டுச்சென்ற ஸ்கூட்டர் ஒன்று வீட்டில் துணி மூடிக் கிடந்தது. ஐம்பத்தொரு வயதில் சீல்காரம்மா ஹெல்மெட் வாங்கி, பன்னிரண்டு காலை பயிற்சிப் பள்ளிக்குப் போய், இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு வாங்கிக் கற்றுக்கொண்டார். வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீல்காரர் மனைவியின் ஜாதகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் வெளிறிப்போனது.

“இந்தாம்மா, நீ வண்டி ஓட்ட வேணாம்.”

“ஏன்?”

“நாலாம் இடம் வண்டி ஸ்தானம். அதுல சனியும் செவ்வாயும் ஜோடியா உக்காந்திருக்காங்க.”

“உக்காந்தா உக்காரட்டும். நான் ஓட்டறேன், அவங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காரட்டும்.”

“வெளயாடாத. பத்தாம் இடத்தைப் பாரு, சுக்கிரன் சும்மா ஜொலிக்கறாரு. தொழில் ஸ்தானம். டாக்டர்கிட்டயே இரு, உனக்கு அங்க ராஜயோகம்.”

“அந்த ராஜாவைத்தான் பதினோரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேனே!”

சீல்காரம்மா சிரித்தார், சீல்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் கடையில் ரப்பரை நறுக்கும்போது கவனம் எங்கோ போய், முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாகப் பிளேடு கட்டைவிரலில் இறங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், “உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன் சொல்லு” என்றார். அந்தப் பயம் நிஜம். ஜோசியம் பொய்யாக இருந்தாலும் அதைச் சொன்ன மனிதரின் கலக்கம் பொய்யில்லை. சீல்காரம்மா அந்தக் கட்டைவிரலைப் பிடித்து, கட்டை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டார்.

“சரி. போகல. போதுமா?”

வியாழக்கிழமை டெஸ்ட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்துக் கிளினிக்குக்குப் போனார். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, சமையலறை ஆணியில் வாரைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் வெங்காயம் போட்டு வைத்தார். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றும்போது எதுவும் சொல்வதில்லை. சீல்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு நாள் “ம்” என்று சொல்லிவிட்டு, எதற்குச் சொன்னோம் என்று தெரியாமல் விழித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜோசியர் மை வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தார். சீல்காரர் அந்தக் குமிழ் விட்ட ரப்பரை மல்லாத்திக் கையில் வைத்து, யாருடைய ஜாதகத்தையோ ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“எட்டாம் இடம் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு…”

ஜோசியர் அவர் விரல் போகிற திசையைப் பார்த்தார். விரல் இடப்பக்கமாக ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது.

“நில்லுங்க. எதைப் பாத்து இப்படி எண்ணறீங்க?”

“இதைப் பாத்துதான். நீங்க குடுத்த வரிசைதானே? மேஷம், ரிஷபம், மிதுனம்…”

ஜோசியர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ரப்பரை வாங்கினார், மையில் ஒற்றினார், ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்தார். சீல்காரர் தன் கடையில் ஒரு ஸ்டாம்பைத் தாளில் அடித்துப் பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார் என்றால் மிகையில்லை. தாளில் மேஷத்துக்கு வலப்பக்கம் ரிஷபம் இருந்தது. அதற்கு வலப்பக்கம் மிதுனம். சீல்காரர் ரப்பரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி ரப்பரைப் பார்த்தார். காதிலிருந்து கழுத்து வரைக்கும் அசடு வழிந்தது.

“இது ரப்பருங்க,” என்றார் ஜோசியர், ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல. “ஜாதகம் தாள்ல இருக்கு.”

“ஆனா ஏழாம் இடம் எல்லாருக்கும் கரெக்டா வந்துச்சே!”

“ஏழு எப்படி எண்ணினாலும் ஏழுதான். ரெண்டு பன்னண்டாயிருக்கும். மூணு பதினொண்ணாயிருக்கும்.”

பக்கத்துக் கடையில் மெஷினில் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது. “அப்ப எனக்கு ரெண்டு கிரகம் இருக்கறது பேச்சு ஸ்தானத்துல இல்லையா?”

“இல்லீங்க. தூக்க ஸ்தானத்துல.”

“அதானே!” என்றார் ஜெராக்ஸ்காரர். நாலு மாதமாக மனத்தில் இருந்த பாரம் இறங்கிய முகம். தலையை மறுபடி மெஷினில் வைத்தார், கண்ணை மூடினார்.

சீல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப நாலு?” என்றார்.

“பத்தாயிருக்கும். பத்து நாலாயிருக்கும்.”

மனைவியின் கட்டம் அவருக்கு மனப்பாடம். சனி, செவ்வாய், சுக்கிரன் எங்கெங்கே என்று அதே தாளில் பேனாவால் குறித்து நீட்டினார். ஜோசியர் ஒரு பார்வை பார்த்தார்.

“அடடா! வண்டி ஸ்தானத்துல சுக்கிரன், அதுவும் சொந்த வீட்டுல. இவங்க விமானமே ஓட்டலாம். தொழில் ஸ்தானத்துலதான் சனியும் செவ்வாயும் கட்டிப்புரண்டு சண்டை போடறாங்க. யாரு ஜாதகம் இது? வேலை பாக்கற இடத்துல யாராவது தினம் காட்டுக்கத்தல் கத்துவாங்களே, பாவம்?”

சீல்காரர் மத்தியானம் மூன்று மணிக்குக் கடையைச் சாத்தினார். அப்படி அவர் சாத்தியதே கிடையாது. நேராக லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய், முதலில் நின்றது தப்பான வரிசை என்று தெரிந்து இன்னொரு வரிசையிலும் நின்று, மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்பாக மனைவியின் பெயருக்கு ஒரு புதுத் தேதி வாங்கினார். பிறகு வீட்டுக்கு வந்து, ஆணியிலிருந்து ஹெல்மெட்டை இறக்கி வெங்காயத்தைக் கூடையில் கொட்டினார். உள்ளே ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது சீல்காரம்மா வந்து நின்றார்.

சீல்காரர் ஒன்று விடாமல் சொன்னார். ரப்பர், தாள், இடம், வலம், ஜோசியர் சொன்னது, எல்லாம். சீல்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“ஆக, வேலை செய்யற இடத்துல ஒருத்தன் என்கிட்ட தினம் கத்தறான். அதை ஜோசியர் கண்டுபிடிச்சு உங்ககிட்ட சொன்னாரு.”

“ஆமா. அப்படியே புட்டுப் புட்டு வெச்சுட்டாரு!”

“நான் பதினோரு வருஷமா சொல்றேனே, அது என்ன?”

சீல்காரர் வாயைத் திறந்தார். “ம்” கூட வரவில்லை.

“வாசல்ல நின்னு, வாயால, நல்ல தமிழ்ல சொன்னேன். அது காதுல ஏறல. கட்டம் சொன்னாதான் ஏறுதா? நீங்க தப்பா எண்ணினதுகூட எனக்குக் கோபம் இல்ல. என்னைக் கேக்காம அதைப் போய் எண்ணினீங்க பாருங்க, அதுதான்.”

சீல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் என்றார். வெங்காயத்தை அவர் நறுக்கவே இல்லை. சீல்காரம்மா அதைச் சொல்லிக்காட்டாமல், ஹெல்மெட்டை வாங்கித் தலையில் போட்டுப் பார்த்தார். “ஒரு மாசத்துக்கு இந்த வாசனை போகாது,” என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இன்னிக்கு அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா” என்று ஆரம்பித்தார். சீல்காரர் துணியைக் கீழே வைத்துவிட்டு, “என்ன சொன்னான்?” என்றார்.

டெஸ்ட் அன்று மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு போட்டிருந்தார்கள். கால் ஊன்றாமல் அதைச் சுற்றி வர வேண்டும். சீல்காரர் வேலி ஓரமாக நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது மனைவி எட்டை முடித்துவிட்டு, அதிகாரி கேட்காமலேயே இன்னொரு எட்டும் போட்டுக்கொண்டிருந்தார். “போதும்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான்!” என்று அந்த அதிகாரி கத்த வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் காலை சீல்காரம்மா வண்டியை வெளியே எடுத்து, “ஏறுங்க” என்றார். பின்சீட்டில் சீல்காரர், அவர் மடியில் ராஜினாமாக் கடிதம். முச்சந்தியில் திரும்பும்போது உதவி செய்ய நினைத்து, “பக்கத்துல ஒரு லாரி வருது” என்றார்.

“எந்தப் பக்கம்?”

சீல்காரர் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

“நீங்க பேசாம வாங்க,” என்றார் சீல்காரம்மா. “பக்கம் சொல்ற வேலை மட்டும் உங்களுக்கு வேணாம்.”

கிளினிக்கில் கடிதத்தைக் கொடுத்ததும் டாக்டர் கத்தினார். பதினோரு வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினார். சீல்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க” என்றார். வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவர்கள் கஷ்டப்பட்டுச் சிரித்தார்கள். டாக்டர் உள்ளே போய்விட்டார்.

சீல்காரர் கதவருகே போனார். வெளிப்பக்கத்து எழுத்து உள்ளே திரும்பித் தெரிந்தது. கடகடவென்று படித்தார். கை தன்னால் கதவைத் தள்ளப் போனது. பாதியில் நிறுத்தினார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“ஏம்மா, தள்ளணுமா, இழுக்கணுமா?”

சீல்காரம்மா ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார்.

“இழுங்க,” என்றார்.

இழுத்தார். வெளியே வெயிலில் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. சீல்காரர் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “போலாம்மா” என்றார்.